ரெண்டுமணி வாங்காத இருநூற்று எண்பது

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு வார்டு ஆயாவுக்கு நான் இருநூற்று எண்பது ரூபாய் தரவேண்டியிருந்தது. பதினான்கு மாதம் அந்தக் கடன் தீரவில்லை.

நம் மோட்டார் பட்டறைக்காரர்கள் சங்க உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். பதினோரு வயதில் ஒரு மோட்டார் பட்டறையில் செம்புக் கம்பி சுற்ற உட்கார்ந்து, முப்பத்திரண்டு வயதில் அதே பட்டறையை விலைக்கு வாங்கியவன். மூன்று கடை வைத்தவன். ஓடுகிற தண்ணீர் பம்பின் மேல் உள்ளங்கையை வைத்தே பேரிங் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். யாரிடமும் கைநீட்டியதில்லை. வங்கிக்காரர்களே கடை தேடி வந்து, 'ஐயா, கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று கெஞ்சியிருக்கிறார்கள். டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சங்க ஆண்டு மலருக்கு 'நான் கண்ட ஒரு மனிதர்' என்று எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டபோது, யோசிக்காமல் என்னைப் பற்றியே பதினான்கு பக்கம் எழுதிவிட்டேன். என் மகள் படித்துப் பார்த்துவிட்டு, "கண்ட மனுஷர்னா கண்ணாடியில கண்டவர் இல்லப்பா" என்றாள். ஆகவே இது ரெண்டுமணியைப் பற்றியது. நடுநடுவே நான் வந்துபோவதைப் பொறுத்துக்கொள்ளவும்.

ரெண்டுமணி என்பது அந்த அம்மாவின் பெயர் இல்லை. தீவிர சிகிச்சை வார்டில் மெஷின் வைத்து மூச்சு விடுகிற பிள்ளைகளுக்குத் தானாகப் புரண்டு படுக்க முடியாது. ஒரே பக்கம் கிடந்தால் தோல் புண்ணாகும், நெஞ்சில் சளி தேங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குழாய்கள் இழுபடாமல் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அதுதான் அவருடைய வேலை. எட்டு அடித்தால் வருவார், பத்து அடித்தால் வருவார், பன்னிரண்டுக்கு வருவார். அவரைப் பார்த்துச் சுவர்க் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று நர்சுகள் சொல்வார்கள். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, பெரிய மணிக்கட்டு. நடக்கும்போது இடது முட்டி கொஞ்சம் மடங்க மறுக்கும்.

கடன்பட்ட கதைக்கு வருகிறேன். என் மகளுக்கு ஒரே பெண், அப்போது ஏழு வயது. வீட்டில் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். காலையில் ஆரம்பித்தால் தூங்கும்வரை பேச்சு. நிறுத்த ஸ்விட்ச் கிடையாது. நாலு நாள் காய்ச்சல், இருமல். "ரெண்டு நாள் படுத்தா சரியாயிடும், இதுக்குப் போய் டாக்டரா?" என்று சொன்ன அறிவாளி நான்தான். ஐந்தாம் நாள் காலை ரேடியோ பேசவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

நான் பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உள்ளே ஏதோ குழாய் செட் உடனே வேண்டும், வெளியே மருந்துக் கவுண்டரில் வாங்கி வாருங்கள் என்றார்கள். மகள் கையில் இருந்ததை எல்லாம் கொடுத்தாள். என் சட்டைப் பையில் ஒரு டெஸ்டரும் இரண்டு வாஷரும் இருந்தன. பணப்பை கடை மேஜையில்.

"இருநூத்தி எண்பது குறையுது சார்" என்றார் கவுண்டர்க்காரர்.

"நான் யார் தெரியுமா? மூணு கடை வச்சிருக்கேன்!"

"சரி சார். மூணும் இங்க இல்லையே."

எனக்குப் பின்னால் ஒரு சோப்புக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்த ஆயாச் சீருடை அம்மா, பணத்தைக் கவுண்டரில் வைத்தார். பிறகு சோப்பைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நிக்காதீங்க பெரியவரே. வாங்கிட்டு ஓடுங்க."

மறுநாள் காலை முதல் வேலையாக அவரைத் தேடிப் பிடித்தேன். முந்நூறை நீட்டி, "மீதி இருபது நீங்களே வச்சுக்கம்மா" என்றேன், ராஜா மாதிரி.

அவர் பணத்தைப் பார்க்கவில்லை. "பிள்ளை எந்த பெட்டு?"

"அஞ்சு."

"மெஷின்லயா?"

"ஆமா."

"அப்ப இது வேணாம். பிள்ளை கையால வரட்டும், வாங்கிக்கிறேன்."

அந்த வார்டு ஆயாக்கள் தங்களுக்குள் வைத்திருந்த வழக்கம் அது. மெஷினில் இருக்கிற பிள்ளையின் வீட்டாரிடமிருந்து எதுவும் வாங்குவதில்லை. அன்பளிப்பு இல்லை, ஒரு பன் கூட இல்லை, கொடுத்த கடனைத் திருப்பி வாங்குவதும் இல்லை. பிள்ளை எழுந்து தன் கையால் கொடுத்தால் சரி. ஆஸ்பத்திரி போட்ட சட்டம் இல்லை இது. ஆஸ்பத்திரி போட்டிருந்தால் யாராவது மீறியிருப்பார்கள்.

எனக்கு அது முள்ளாகக் குத்தியது. உள்ளே பேத்தி உயிருக்குப் போராடுகிறாள், வெளியே நான் இருநூற்று எண்பதுக்குப் போராடினேன். அவருடைய சாப்பாட்டுப் பைக்குள் நோட்டுகளை மடித்து வைத்தேன். சாயங்காலம் வார்டை விட்டு வெளியே வந்து செருப்பை மாட்டினால் உள்ளே நோட்டு. காவலாளியிடம் கொடுத்தனுப்பினேன், காவலாளி பணத்தையும் கொண்டுவந்தார், "இவருக்கு யாராவது வேற வேலை குடுங்க" என்ற செய்தியையும் கொண்டுவந்தார். கடைசியில் இருநூற்று எண்பதுக்கும் சோப்பாகவே வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் அவை வார்டில் கை கழுவுகிற இடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒரு மாதத்துக்கு, பெரிய டாக்டர் முதல் கூட்டுகிறவர் வரை எல்லோரும் என் கடனைத் தேய்த்துக் கை கழுவினார்கள்.

பன்னிரண்டாம் நாள் ரேடியோவுக்குக் காய்ச்சல் விட்டது. நெஞ்சுப் படம் தெளிந்துவிட்டது என்றார்கள். நான் கடைக்குப் போன் போட்டு, "ரெண்டு நாள்ல வீட்டுக்கு" என்று அறிவித்துவிட்டேன். வாய் வழியாகப் போட்டிருந்த மூச்சுக் குழாயை எடுத்தார்கள். ஒன்றரை நாள் தாங்கினாள். சளியை இருமி வெளியே தள்ளக்கூட வலு இல்லை. மறுபடி குழாய். பிறகு அந்தக் குழாய் வழியாகவே நெஞ்சுக்குள் புதிதாக ஒரு கிருமி. அதற்கு மருந்து ஏற்றக் கழுத்தில் போட்ட ஊசியில் வேறொரு கிருமி. அந்த மருந்தில் சிறுநீரகம் சுணங்கியது. இருபத்து மூன்று கிலோ பெண் பதினாறு கிலோ ஆனாள்.

நாலாவது வாரத்து டாக்டர், உயரமான மனிதர், என்னை நாற்காலியில் உட்காரவைத்துச் சொன்னார். "ஐயா, எந்த வியாதிக்காக வந்தாளோ அது என்னிக்கோ போயிடுச்சு. இப்ப அவளைப் பிடிச்சு வச்சிருக்கிறது, இத்தனை நாள் படுத்துக் கிடந்ததால வந்தது. தசையெல்லாம் கரைஞ்சிருக்கு. மூச்சு இழுக்கிறதும் தசைதானே?"

"ஏன் டாக்டர் இவளுக்கு மட்டும்? பக்கத்து பெட்டுல இதே காய்ச்சல்னு வந்த பிள்ளை பத்தே நாள்ல வீட்டுக்கு ஓடிப்போச்சே?"

"சில பிள்ளைங்க சீக்கிரம் எழுந்துடுறாங்க. சிலர் இப்படி மாட்டிக்கிறாங்க. ஏன்னு முழுசா எங்களுக்கும் தெரியல."

என் பட்டறையில் ஒரு மெக்கானிக் 'முழுசா தெரியல' என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பேன். தெரியாததைத் தெரியாது என்று என் வாழ்நாளில் நான் ஒரு தடவை கூடச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அது உறைத்த மறுநாளே, மெஷின் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு நர்ஸிடம், "கம்ப்ரசர்ல பேரிங் போயிடுச்சு சிஸ்டர். கரகரன்னு கேக்குது பாருங்க" என்று தீர்ப்புச் சொன்னேன். மெஷின் பார்க்கிறவரைக் கூப்பிட்டார்கள். அவர் குனிந்து கேட்டார், சுற்றி வந்து கேட்டார். பிறகு திரைச்சீலையை விலக்கிக் காட்டினார். அடுத்த பெட்டுப் பிள்ளையின் அப்பா நாற்காலியில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்த வார்டில் திங்கட்கிழமைதோறும் பெரிய டாக்டர் மாறுவார். ஒருவர் மெஷினைச் சீக்கிரம் குறைப்போம் என்பார், அடுத்தவர் பொறுப்போம் என்பார். ஒவ்வொரு திங்களும் என் மகள் முதல் நாள் காய்ச்சலிலிருந்து கதையை ஆரம்பிக்க வேண்டும். நர்சுகளும் மாறுவார்கள். மாறாமல் இருந்தது ரெண்டுமணி மட்டும்தான். புது டாக்டர் வந்து நின்றால் பின்னாலிருந்து குரல் வரும்.

"டாக்டர், இந்தப் பொண்ணை வலப்பக்கம் போட்டா மூச்சு வாங்கும். இடப்பக்கம்தான் தூங்குவா. வலது முட்டியைத் தொட்டா வலிக்குது, புருவத்தைப் பாத்தா தெரியும்."

டாக்டர்கள் எழுதிக்கொள்வார்கள். நானும் என் பட்டறையில் இப்படித்தான் எல்லா மோட்டாரின் ஜாதகத்தையும் மனதில் வைத்திருப்பேன் என்று யாரிடமாவது சொல்லலாம் என்று பார்த்தேன். யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் முற்பகல் டீக்கடை பெஞ்சில் அவர் கதையைக் கேட்டேன். டீக்குக் காசு நான் கொடுக்கப் போனேன். அவரவர் டீக்கு அவரவர் காசு என்றார். முதலில் அதே ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் ஒன்பது வருஷம் இருந்தாராம். மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளைப் பிரித்துப் போடுவது வேலை. விரிப்பின் நடுவில், இடுப்பு படுகிற இடத்தில், காசளவு ரத்தக் கறை வந்தால் அது ஊசிக் கறை இல்லை, புண் கறை என்று அவருக்குப் பழகிவிட்டது. ஒவ்வொரு விரிப்பிலும் வார்டு முத்திரை இருக்கும். ஒரே வார்டிலிருந்து ஒரு வாரத்தில் நாலு விரிப்பு அப்படி வந்தபோது, நாலையும் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறி, தலைமை நர்ஸ் மேஜையில் விரித்துப் போட்டாராம்.

"என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? 'இந்தப் பிள்ளைங்களை யாரும் புரட்டல. துணியே சொல்லுது'ன்னேன்."

"அவங்க கோவிக்கலையா?"

"கோவிச்சாங்க. 'அவ்வளவு அக்கறை இருந்தா நீயே வந்து புரட்டு'ன்னாங்க. மறுநாள் காலைல எட்டு மணிக்குப் போய் நின்னுட்டேன்." டீயை ஊதிக் குடித்தார். "சம்பளமும் நூறு குறைஞ்சுது. என் வீட்டுக்காரர் ரெண்டு நாள் பேசல."

வீட்டுக்காரர் பேருந்துப் பணிமனையில் இரவுக் காவல். டயர் கடைக்கு மேலே ஒரு அறை வீடு. அவர் வரும்போது இவர் கிளம்புவார். "அதனாலதான் இருபத்தாறு வருஷமா சண்டை இல்ல" என்று சிரித்தார்.

நான் என் தரத்துக்கு ஏற்ப, "என் கடைக்கு வந்துடுங்க, ரெண்டு மடங்கு சம்பளம் தர்றேன்" என்றேன்.

"உங்க மோட்டாரெல்லாம் தானா புரண்டு படுக்குமா பெரியவரே?"

"அதுக்கு என்ன, படுக்காது."

"அப்ப யோசிக்கிறேன்" என்றார், எழுந்து போனார். பன்னிரண்டு அடிக்க மூன்று நிமிஷம் இருந்தது.

ஐந்தாவது வாரத்தில் டாக்டர்கள் எங்களைக் கூப்பிட்டார்கள். கழுத்தில் சிறிய துளை போட்டு அதன் வழியாக மூச்சுக் குழாயை வைக்கலாம். வாய்க்குழாய் போய்விடும், மயக்க மருந்து குறையும், பிள்ளை விழித்திருப்பாள், உட்காரவைத்துக் கைகாலுக்குப் பயிற்சி கொடுக்கலாம். கொஞ்ச காலம் குரல் வராது. வலு வந்த பிறகு துளையை மூடிவிடலாம். மகளும் மருமகனும் என் முகத்தைப் பார்த்தார்கள். பணம் கட்டுகிறவன் நான் அல்லவா.

"நல்ல பைப்பை நடுவுல அறுக்கிறவன் மெக்கானிக்கே கிடையாது" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். பதினாறு நாள் தள்ளிப்போட்டேன். அந்தப் பதினாறு நாளில் அவள் நெஞ்சில் இன்னொரு முறை கிருமி சேர்ந்தது. இந்த வரியை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

நாற்பத்தெட்டாம் நாள் ரெண்டுமணி என்னை நடைபாதையில் மறித்தார்.

"ஏன் அந்தப் பொண்ணைப் போட்டுப் படுத்துறீங்க?"

"துளை போட்டா பேச்சு போயிடுமேம்மா. ரேடியோம்மா அவ. பேசாம எப்படி இருப்பா?"

"இப்ப மட்டும் பேசுறாளா? வாயில குழாய், கண்ணுல மயக்கம். நாப்பத்தெட்டு நாளா இந்த வார்டுல பேசிக்கிட்டு இருக்கிற ஒரே ஆளு நீங்கதான்."

நான் பைப்பு, வால்வு என்று ஏதோ ஆரம்பித்தேன்.

"பயமா இருக்கா?"

"எனக்கா!"

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லிட்டுப் போங்க. எல்லாருக்கும்தான் பயம். பைப்பு மேல ஏன் பழி போடுறீங்க?"

அன்று சாயங்காலம் மருமகனைக் கூப்பிட்டு, குரலைச் செருமிக்கொண்டு, "யோசிச்சுப் பாத்தேன். கையெழுத்துப் போட்டுடு" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். காலையிலேயே போட்டுவிட்டானாம், என்னிடம் சொல்லப் பயந்து மாடிப்படியிலேயே மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தானாம். எனக்குத் தெரியாமல் முடிந்துபோன காரியத்துக்கு நான் பெருந்தன்மையோடு சம்மதம் கொடுத்தேன்.

துளை போட்ட பிறகு டாக்டர்கள் சொன்னபடியே நடந்தது. ரேடியோ கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். கண்ணை ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை. ஆனால் கழுத்துக்குக் கீழே எதுவும் சொன்னபடி கேட்கவில்லை. கை விரல்கள் தண்ணீரில் ஊறின கயிறு மாதிரிக் கிடந்தன. பயிற்சி கொடுக்கும் அம்மா தினம் வந்து ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டுவார். "தசை திரும்ப வளரும், நரம்பும் விழிச்சுக்கும். ஆனா எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது" என்றார். மெஷினை விட்டு வருவாளா, அந்தக் கை எதையாவது பிடிக்குமா: எங்கள் வீட்டில் எல்லோருடைய மூச்சும் இந்த இரண்டு கேள்வியில்தான் நின்றது.

இனி வருவது நான் செய்ததிலேயே கேவலமான காரியம். கடன் எழுபது நாளைத் தாண்டியிருந்தது. பிள்ளை கையால் வரட்டும் என்றுதானே சொன்னார்? கை இருக்கிறதே! பத்து மணிக்கு ரெண்டுமணி வந்ததும், நோட்டுகளை எடுத்துப் பேத்தியின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை நானே மடக்கி, என் கையால் அவள் கையைத் தூக்கி நீட்டினேன்.

"இந்தாங்கம்மா! பிள்ளை கையால. கணக்கு முடிஞ்சுது!"

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. ரெண்டுமணி பேத்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். ரேடியோ தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி. பிறகு கண் நிறைந்து, காதுப் பக்கமாக வழிந்தது. துடைத்துக்கொள்ள அவளுக்குக் கை இல்லை. கை என்னிடம் இருந்தது.

"விடுங்க" என்றார் ரெண்டுமணி, மெல்ல. விட்டேன். அவர் நோட்டுகளை எடுத்து என் சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானையும் போட்டுவிட்டார். பிள்ளையின் கண்ணைத் துடைத்தார். இடப்பக்கமாகப் புரட்டி, முதுகுக்குத் துணி வைத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் விரிப்பை இழுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் வெளியே வந்தார்.

"எதுக்கு இந்த வழக்கம்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை அந்த வார்த்தை வந்தது.

"மூணாம் பெட்டுப் பாப்பாவோட அப்பா. நீங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடி, பாப்பா வந்த அறுபதாம் நாள் எங்க எல்லாருக்கும் ஒரு கவர் குடுத்தாரு. நல்லா பாத்துக்கிட்டீங்கன்னு கும்பிட்டாரு. டீக்கடை பாக்கியும் தீத்தாரு. அதுக்கப்புறம் வாரத்துக்கு ஒரு நாள் வந்தாரு. அப்புறம் அதுவும் இல்ல. கெட்டவர் இல்ல அவரு. தாங்க முடியல. கணக்கைத் தீத்துட்டா கால் வரமாட்டேங்குது பெரியவரே. எனக்குத் தரவேண்டியது இருந்தா நாளைக்கும் வருவீங்கல்ல?"

அந்த வாரம் கடையில் வேலை அதிகம் என்று இரண்டு நாள் வராமல் இருந்திருந்தேன். வேலை அதிகம் இல்லை.

மூன்றாம் பெட்டுப் பாப்பா நாங்கள் வந்த தொண்ணூறாம் நாள் போய்விட்டது. ரெண்டுமணிதான் குளிப்பாட்டினார். அன்று பத்து மணிப் புரட்டலுக்கு ஒரு நிமிஷம் தாமதமாக வந்தார். நான் பார்த்து அந்த ஒரு தடவைதான்.

அந்த நோட்டுக் கூத்துக்குப் பிறகு ரேடியோ என்னை நாலு நாள் பார்க்க மறுத்தாள். நான் போய் நின்றால் கண்ணை மூடிக்கொள்வாள். ஐந்தாம் நாள், பயிற்சி அம்மா இருக்கும்போது, சமாதானமாக அவள் உள்ளங்கையில் என் சுட்டுவிரலை வைத்தேன். கட்டைவிரல் அசைந்தது. என் விரலை ஒரு நெல்லளவு தள்ளியது.

"தள்ளுறா! தள்ளுறா!" என்று பயிற்சி அம்மா கூவினார். "மூணு வாரமா இதுக்குத்தான் தவம் கிடக்கிறேன்!"

"பாத்தீங்களா, என் விரல் பட்டதும்" என்று ஆரம்பித்தேன்.

"ஆமா" என்றார் ரெண்டுமணி. "வெளிய போன்னு தள்ளுது."

என் பேத்தியின் கட்டைவிரல் முதன்முதலில் உயிர் பெற்றது என்னை விரட்டத்தான். அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

அதன் பிறகு மெஷினைப் பத்து நிமிஷம் நிறுத்திப் பார்த்தார்கள், அரை மணி, இரண்டு மணி. ஒரு சளியில் மறுபடி பூஜ்யம். மறுபடி பத்து நிமிஷம். நூற்றெட்டாம் நாள் மெஷினைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கழுத்துக் குழாயில் பேசுவதற்கென்று ஒரு சின்ன மூடி மாட்டினார்கள். எல்லோரும் சுற்றி நின்றோம். அவள் எச்சிலை விழுங்கி, பழைய வானொலிப் பெட்டி மாதிரிக் கரகரத்து, என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"தாத்தா, ஒத்தை ஆளா கிணத்துலேர்ந்து மோட்டாரைத் தூக்கினேன்னு சொன்னது பொய்தானே?"

அந்தக் கதையை அவள் படுக்கையருகே பத்தொன்பது தடவை சொல்லியிருக்கிறேன், பதில் பேச முடியாத ஆளிடம். கூட மூன்று பேர் பிடித்தார்கள் என்று அங்கேயே ஒப்புக்கொண்டேன்.

நூற்று முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வந்தோம். வந்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். வீட்டில் மைக்ரோவேவ் 'பீப்' என்றால் அவள் மேஜைக்கு அடியில் போய்விடுவாள். வலது கால் பாதம் தொங்கும். அதற்கு ஒரு பிளாஸ்டிக் தாங்கி. பென்சில் நிற்காது. பள்ளியில் கூடப் படித்தவர்கள் ஒரு வகுப்பு மேலே போய்விட்டார்கள். என் மகள் வேலையை விட்டாள். மருமகன் வண்டியை விற்றான். மூன்று கடை வைத்தவன் என்று மேலே எழுதினேனே, இப்போது இரண்டு. நான் கூட்டித்தான் சொல்வேன், குறைத்துச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. கழுத்துத் துளையை ஐந்து மாதம் கழித்து மூடினார்கள். கை மட்டும் மெதுவாக வந்தது. முதலில் பஞ்சு, பிறகு பொத்தான், பிறகு கரண்டி.

பதினான்காம் மாதம் பரிசோதனைக்குப் போகிற நாள், அவளே கேட்டாள்.

"தாத்தா, ரெண்டுமணி அத்தைக்குக் குடுக்க வேண்டிய காசைக் குடுங்க."

இரண்டு நூறு, ஒரு ஐம்பது, மூன்று பத்து. ஆறு நோட்டு. கைக்கு எளிதாக இருக்கட்டும் என்று பார்த்து எடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் இறங்கி, எல்லாவற்றையும் பத்தாக மாற்றித் தரச் சொன்னாள். இருபத்தெட்டு நோட்டு.

"ஏன்டி இப்படி?"

"ஆறுன்னா டக்குனு முடிஞ்சிடும். அத்தைக்கு எண்ணிக் காட்டணும்."

வார்டு வாசலில் ரெண்டுமணி அழுக்கு விரிப்பு வண்டியோடு வந்தார். மணி பதினொன்று நாற்பது. ரேடியோவை மேலும் கீழும் பார்த்தார். கால் தாங்கியை, கழுத்துத் தழும்பை, கடைசியாகக் கையை.

"என்னடி, எவ்வளவு உயரம்!"

"அத்தை, கையை நீட்டுங்க."

அவர் வண்டியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மறு கையை நீட்டினார். அழுத்தி அழுத்திக் கழுவி வெளுத்த உள்ளங்கை.

ரேடியோ நோட்டுக் கட்டை இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் மேல் நோட்டைத் தள்ளினாள். இரண்டு நோட்டு சேர்ந்து வந்தது. திரும்ப அடுக்கினாள். மறுபடி தள்ளினாள். "ஒண்ணு." உள்ளங்கையில் வைத்தாள். "ரெண்டு." ஏழாவதில் விரல் நடுங்கத் தொடங்கியது. பத்தில் நின்று கையை உதறிக்கொண்டாள். லிஃப்டுக்கு வந்தவர்கள் எங்களைச் சுற்றிப் போனார்கள். பதிமூன்றாவது நோட்டு நழுவித் தரையில் விழுந்தது. நான் பாய்ந்து குனிந்தேன்.

"விடுங்க!" இரண்டு பேரும் ஒரே குரலில்.

ரேடியோ வண்டியின் கம்பியைப் பிடித்து, நல்ல காலை மடக்கி உட்கார்ந்தாள். நோட்டைத் தரையோடு தேய்த்து விளிம்புக்குக் கொண்டுவந்து பிடித்தாள். எழுந்திருப்பதற்கு இரண்டு தடவை முயன்றாள். நான் என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்து, ஒன்றை மற்றது இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது முயற்சியில் எழுந்தாள்.

"பதிமூணு."

பத்தொன்பதில் உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து, "அக்கா, பன்னெண்டாகப் போகுது" என்றார்.

"தெரியும்" என்றார் ரெண்டுமணி. கை அசையவில்லை.

இருபத்து மூன்றில் ரேடியோவின் உதட்டுக்கு மேல் வியர்வை. இருபத்தாறில் நான் மூக்கைச் சிந்தினேன். ஆஸ்பத்திரியில் ஏசி அதிகம். இருபத்தேழை வைத்தாள். கடைசி நோட்டுக்கு அடியில் பிடிக்க எதுவும் இல்லாததால் அது இடது உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. கட்டைவிரலால் சுரண்டினாள், ஓரம் எழும்பியது, சுட்டுவிரலைச் சேர்த்துப் பிடித்தாள். விரித்திருந்த அந்தக் கையில், மற்ற நோட்டுகளின் மேல், நேராக வைத்தாள்.

"இருபத்தெட்டு."